ஏரி நாட்டுக் கதை – 9: மணிமங்கலத்துச் சுவர்

போன வாரம் புள்ளலூரில் நிறுத்தினோம். காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள அந்தச் சிற்றூரில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. சாளுக்கியர் தரப்பு வேறு கதை சொல்கிறது. 634-35இல் அய்ஹொளே சமணக் கோயிலில் வெட்டிய கல்வெட்டில், இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியைக் கண்டு பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று புலவர் ரவிகீர்த்தி பாடியிருக்கிறார்.

ஒரு படையெடுப்பு, இரண்டு வெற்றி அறிக்கைகள். காஞ்சி தப்பியது, பல்லவ நாட்டின் வடபகுதி கைவிட்டுப் போனது. இந்த அளவோடு புள்ளலூரை விட்டு நகர்ந்தோம்.

630 வாக்கில் மகேந்திரன் மறைந்தான். மகன் முதலாம் நரசிம்மவர்மன் பட்டத்துக்கு வந்தான். மாமல்லன் என்று நாம் அழைப்பது இவனைத்தான். பத்து ஆண்டுகள் போல எல்லை அமைதியாகக் கிடந்தது.

பிறகு புலிகேசி மறுபடி வந்தான். இந்த முறை போர் நம் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நடந்தது.

*

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நேர் தெற்கே போனால் மணிமங்கலம். ஸ்ரீபெரும்புதூர் வடமேற்கில், ஒரகடம் தென்மேற்கில், தாம்பரம் கிழக்கில். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஊரின் வழியே வரிசைகட்டும். சாலையோரம் மனை விற்கும் பலகைகள். சிப்காட்டுக்கு எத்தனை நிமிடம், விமான நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். அந்த ஊரில் என்ன நடந்தது என்பதை எந்தப் பலகையும் சொல்லாது. மனை வாங்க வருகிறவருக்கு அது எதற்கு?

பலகைகளைத் தாண்டி உள்ளே போனால் பழைய ஊர் இன்னும் இருக்கிறது. பெரிய ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலை ஒட்டி வீடுகள், நடுவே கோயில்கள். தர்மேசுவரர் கோயில் விமானம் பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் மூலவரின் கைகளில் சங்கும் சக்கரமும் இடம் மாறியிருக்கின்றன. வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். ஊருக்கு வருகிற பக்தர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். நமக்கு வேண்டியது அந்தக் கோயிலின் சுவர். அதற்குப் பிறகு வருவோம்.

அடையாற்றின் தலைமாட்டு ஏரிகளில் ஒன்று மணிமங்கலம். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் ஏறியபோது மணிமங்கலம் ஏரியின் பெயர் சென்னைக்காரர்களின் வாயில் அடிபட்டது. அதற்கு முன் இந்த ஊரின் பெயர் வெளியே தெரிந்தது என்றால் கல்கியால்தான். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மணிமங்கலம் போர்க்களம் மறந்திருக்காது. நாவலில் அங்கே போரிட்டுக் காயப்படுவது மகேந்திரன். கூரம் செப்பேட்டில் வருவது அவன் மகன். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. நமக்கு இல்லை.

*

இரண்டு நாட்டையும் பார்த்த ஒருவர்

போருக்குச் சற்று முன், 640 வாக்கில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நகரின் சுற்றளவு முப்பது லி என்று எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், வளமான மண், நல்ல விளைச்சல் என்று குறித்துக்கொண்டார். பிறகு வடமேற்கே பயணமாகி மகாராஷ்டிர நாட்டைச் சேர்ந்தார். அது புலிகேசியின் நாடு.

அங்கே அவர் கண்டது வேறு வகை மனிதர்களை. நன்றி மறக்காதவர்கள், பழி வாங்காமல் விடாதவர்கள் என்று எழுதுகிறார். அந்த அரசனின் படையில் வீரர்கள் களத்துக்குப் போகுமுன் மது குடிப்பார்களாம். யானைகளுக்கும் ஊற்றுவார்களாம். வெறியேறிய யானைக் கூட்டம் முன்னே போக, எதிரில் எவரும் நிற்க முடியாது என்று அந்த அரசன் அண்டை நாடுகளைத் துச்சமாக நினைத்தானாம்.

ஓரிரு ஆண்டுக்குள் இந்த இரண்டு நாடுகளும் மோதின. மோதிய இடங்களில் ஒன்று மணிமங்கலத்து வயல்வெளி.

*

சாளுக்கியத் தலைநகர் வாதாபியிலிருந்து காஞ்சிக்குக் காகம் பறக்கும் வழியே 500 கிலோமீட்டருக்கு மேல். யானை, குதிரை, காலாள், அத்தனைக்கும் தீனி, தண்ணீர். வரும் வழியில் பல்லவருக்குத் துணையாக இருந்த பாணர்களை அடித்துவிட்டு புலிகேசி தொண்டை நாட்டுக்குள் இறங்கினான் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கதை.

நடந்த போர்களின் பட்டியலைத் தருவது கூரம் செப்பேடு. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்தான் என்று அது சொல்கிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி, அதில் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்று ஓர் அலங்காரமும் சேர்க்கிறது.

இந்த மூன்றில் பரியளமும் சூரமாரமும் எங்கே என்று ஆய்வாளர்கள் இன்னும் தேடுகிறார்கள். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்த களம் மணிமங்கலம் ஒன்றுதான். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வாதாபி காஞ்சிக்கு வடமேற்கே. மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே, 35 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில். மேற்கிலிருந்து வந்த படைக்கு, தாக்க வேண்டிய தலைநகரைத் தாண்டி, அதன் முதுகுப் பக்கத்தில் என்ன வேலை?

மூன்று விதமாக யோசிக்கலாம்.

புலிகேசிக்குக் காஞ்சி மதில் பழைய அனுபவம். முதல் படையெடுப்பில் அதன் முன் நின்று பார்த்தவன். முற்றுகை போட்டுக் காத்திருப்பதைவிட, கோட்டையைச் சுற்றிக்கொண்டு போய், விளைநிலங்களைச் சூறையாடினால் அரசன் தானாகவே வெளியே வருவான் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஏரிப் பாசனத்தில் விளையும் இந்தக் கிழக்குப் பகுதி பல்லவரின் நெற்களஞ்சியம். அதில் கைவைத்தால் காஞ்சிக்கு வலிக்கும்.

இரண்டாவது, கடற்கரை. மாமல்லபுரம் மணிமங்கலத்துக்குத் தெற்கே 40 கிலோமீட்டருக்குள். துறைமுகத்தைத் தலைநகரிலிருந்து துண்டிக்க நினைத்த படை இந்த வழியாகப் போயிருக்கலாம். ஆனால் அந்த நோக்கத்துக்கு ஒரு சான்றும் இல்லை. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

மூன்றாவதுதான் என் மனத்துக்குப் பொருந்துகிறது. ஆந்திரக் கடற்கரையில் உள்ள வேங்கி நாட்டைப் புலிகேசி முன்னமே பிடித்து, தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனை அங்கே உட்கார வைத்திருந்தான். படையோ, படையின் ஒரு பிரிவோ வேங்கியிலிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கியிருந்தால், அது தொண்டை நாட்டுக்குள் நுழையும் வாசல் வடகிழக்கு. அந்த வழியில் வருகிறவனுக்கு மணிமங்கலம் காஞ்சிக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. ஊகம்தான். ஆனால் வரைபடம் இதோடு சண்டை போடவில்லை.

அந்தத் தம்பியின் பெயரை ஓரமாகக் குறித்து வையுங்கள். நானூறு ஆண்டு கழித்துத் தேவைப்படும்.

*

களம்

போர் எப்படி நடந்தது?

செப்பேடு சொல்லவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இத்தனைக்கும் அதே கூரம் செப்பேடு, பின்னாளில் நடந்த பெருவளநல்லூர்ப் போரைப் பற்றி மூச்சுவிடாமல் விவரிக்கிறது. புழுதி, யானை, அம்பு, இரத்தம், கடைசியில் கந்தையைச் சுற்றிக்கொண்டு தனியாக ஓடிய சாளுக்கியன் என்று பக்கம் பக்கமாக. காரணம் எளிது. பெருவளநல்லூரில் வென்றது அந்தச் செப்பேட்டை வெளியிட்ட முதலாம் பரமேசுவரவர்மன். மணிமங்கலம் அவன் தாத்தாவின் கணக்கு.

நிலத்தை வைத்துக் கொஞ்சம் யோசிக்கலாம். தக்காணத்துக் குதிரைப்படை கெட்டியான கரிசல் தரையில் ஓடிப் பழகியது. இங்கே நிலம் வேறு மாதிரி. ஓர் ஏரியின் மிகுதி நீர் அடுத்த ஏரிக்குப் போகும் சரிவு. வாய்க்கால், வரப்பு, சேறு. மகேந்திரன் காலத்திலேயே மகேந்திரவாடியில் அவன் பெயரால் ஏரி வெட்டப்பட்டிருந்தது. ஆகவே 642இல் இந்த நாடு ஏரிகளோடுதான் இருந்தது. மழைக்குப் பின் வயலில் இறங்கிய குதிரை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இந்தப் பக்கத்து விவசாயி யாரையும் கேட்கலாம். உள்ளூர்ப் படைக்கு எந்த வரப்பு தாங்கும், எங்கே கால் புதையும் என்று தெரியும். வந்தவனுக்குத் தெரியாது.

நரசிம்மவர்மன் பக்கத்தில் ஒரு வெளிநாட்டு இளவரசனும் இருந்தான். ஆட்சியுரிமையை இழந்து காஞ்சிக்கு அடைக்கலமாக வந்த சிங்கள இளவரசன் மானவர்மன். இலங்கையின் சூளவம்சம் அவனைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறது. ஒருநாள் யானைமேல் போகும்போது நரசிம்மன் இளநீர் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறான். அரசனானாலும் இன்னொருவன் வாய் வைத்த எச்சில். மானவர்மன் ஒரு கணம் யோசித்து, குடித்துவிடுகிறான். அதைக் கண்ட நரசிம்மன் அவன் குடித்து மிச்சம் வைத்ததைத் தானே வாங்கிக் குடிக்கிறான். அன்று முதல் இருவரும் சமம்.

வல்லப அரசன் படையெடுத்து வந்தபோது நரசிம்மன் முதலில் மானவர்மனைக் களத்துக்கு அழைக்கவில்லை. விருந்தாளி செத்துப்போனால் அவன் வந்த காரியமே கெட்டுவிடும் என்று நினைத்தானாம். நண்பன் செத்தபின் நான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று மானவர்மன் படையோடு பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டான். இருவரும் சேர்ந்து வல்லபனை விரட்டினார்கள் என்கிறது அந்த நூல். சாளுக்கியர்களின் பட்டப்பெயர்தான் வல்லபன். ஆனால் சூளவம்சம் களத்தின் பெயரைச் சொல்லவில்லை. பரியளமா, மணிமங்கலமா, வேறு இடமா?

எந்த இடமானாலும், புலிகேசி திரும்பினான். பல்லவப் படை அவனை விடவில்லை.

*

இதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நரசிம்மன் வாதாபி வரை துரத்திப் போனான். 642இல் வாதாபி விழுந்தது. அங்கே ஒரு பாறையில் அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. புலிகேசி அதற்குப் பின் எங்கும் தலைகாட்டவில்லை. சாளுக்கிய நாடு 13 ஆண்டுகள் குழப்பத்தில் கிடந்தது. நரசிம்மன் 'வாதாபி கொண்டான்' ஆனான்.

வாதாபிக்குப் படை நடத்தியவர் பரஞ்சோதி, பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். அவர் கதையைப் பெரியபுராணத்தில் பாடியவர் சேக்கிழார். சேக்கிழாரின் ஊர் குன்றத்தூர். மணிமங்கலத்திலிருந்து காலையில் கிளம்பினால் உச்சிவெயிலுக்கு முன் நடந்து போய்விடலாம்.

அந்தக் குன்றத்தூர்க்காரர் வாதாபியைச் சொன்னார். யானைகளையும் குதிரைகளையும் மணிகளையும் கொண்டுவந்து அரசன்முன் வைத்ததைச் சொன்னார். பக்கத்து ஊரில் நடந்த போரைச் சொல்லவில்லை. குறை சொல்ல முடியாது. அவர் எழுதியது அடியார் கதை. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் மணிமங்கலத்தாரே அதை நினைவில் வைத்திருந்தார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஊரில் அதற்கு ஒரு நடுகல் இல்லை. கோயில் சுவர்களில் 642ஐப் பற்றி ஒரு வரி இல்லை.

சுவர் காலியாக இருந்ததாலா என்றால், இல்லை. சுவர் முழுக்கப் போர்தான்.

*

சுவரில் வந்த போர்

1899இல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதல் பாகத்தில் உக்கல், மேல்பாடி, கருவூர், திருவல்லம் ஆகிய ஊர்களோடு மணிமங்கலமும் இடம்பெற்றது. அந்தப் பக்கங்களைப் புரட்டினால் இந்தச் சிற்றூர் சோழ வரலாற்றுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று தெரியும். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் அடுத்தடுத்து மூன்று சோழ அரசர்களின் நீண்ட மெய்க்கீர்த்திகள். அண்ணன், தம்பி, அடுத்த தம்பி.

முதலாவது, முதலாம் ராஜாதிராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு. நாள் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் 1046 டிசம்பர் 3 என்கிறார்கள். பாண்டியர், ஈழத்தரசர், சாளுக்கியர் எல்லோரையும் வென்ற கதை.

இரண்டாவது, இரண்டாம் ராஜேந்திரனின் 4ஆம் ஆட்சியாண்டு. 1054இல் கொப்பத்துப் போரில் அண்ணன் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். படை சிதறத் தொடங்கிய நேரத்தில் தம்பி முன்னே வந்து போரைத் திருப்பி, அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டான்.

மூன்றாவது, வீரராஜேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டு. 1067 வாக்கு. இதில்தான் நாம் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய கதை இருக்கிறது.

அதற்கு முன், இந்தப் போர்க் கதைகளை மணிமங்கலத்துக் கோயிலில் ஏன் வெட்டினார்கள்?

போருக்காக இல்லை. நிலத்துக்காக. ஊரின் மகாசபை கோயிலுக்கு நிலம் விடும், விற்கும், வரி நீக்கித் தரும். அந்த ஆவணத்தைக் கல்லில் வெட்டும்போது அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் முதலில் போட வேண்டும். அரசன் பெயருக்கு முன்னால் அவன் வெற்றிகள். கல்யாணப் பத்திரிகையில் தலைமை தாங்கும் மந்திரியின் பட்டங்கள் முடிந்து மாப்பிள்ளை பெயர் வருவதற்குள் பாதிப் பக்கம் போய்விடுமே, அதே கதைதான். கொப்பம் போன்ற களங்கள் பட்டங்கள். மாப்பிள்ளை, கடைசியில் வரும் வயல்.

642 போரைச் சொல்லும் கூரம் செப்பேடும் இதே வகைதான் என்பதைக் கவனியுங்கள். அது கூரத்துச் சிவன் கோயிலுக்கு ஊர் கொடுத்த ஆவணம். பரமேசுவர தடாகம் என்ற ஏரி, அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் வாசிப்பு ஆகியவற்றுக்கான ஏற்பாடு. அந்த ஆவணத்தின் முகப்பில்தான் மணிமங்கலம் வந்து போகிறது. ஓர் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் எழுதிய பத்திரத்தில் தற்செயலாகத் தப்பிய பெயர்.

மகாசபை என்றதும் ஊரே கூடி முடிவெடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. மணிமங்கலம் அப்போது சதுர்வேதிமங்கலம். ராஜசூளாமணி, லோகமகாதேவி, பாண்டியனை இருமடி வென்கண்ட சோழன் என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயர்களை அதற்கு ஒட்டினார்கள். ஒட்டிய பெயரெல்லாம் உதிர்ந்து பழைய பெயரே நின்றது. சபை என்பது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. உத்திரமேரூரில் குடவோலை இட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்த வகையைச் சேர்ந்தது. வயலில் இறங்கியவன், ஏரிக் கரையில் மண் சுமந்தவள், மதகைத் திறந்து மூடியவன் யாருக்கும் அந்தச் சபையில் இடமில்லை. சுவரிலும் இல்லை.

*

வராத பகைவன்

கூடல் என்னும் இடத்தில் வீரராஜேந்திரனிடம் மேலைச் சாளுக்கியன் ஆகவமல்லன் ஏற்கெனவே தோற்றிருந்தான். முதலாம் சோமேசுவரன் என்பது அவன் இயற்பெயர். மணிமங்கலத்துக் கல் மேலே சொல்வதைக் கேளுங்கள்.

இந்த அவமானத்தோடு வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று ஆகவமல்லன் முடிவெடுக்கிறான். தோற்ற அதே கூடலையே மறுபடி களமாகக் குறிக்கிறான். பயந்துகொண்டு அங்கே வராதவன் அரசனே இல்லை, பழிகாரன் என்று ஓலை எழுதித் தூதனிடம் கொடுத்து அனுப்புகிறான்.

ஓலையைப் படித்த வீரராஜேந்திரனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முகம் மலர, தோள் பூரிக்க, படையோடு கிளம்புகிறான். குறித்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறான்.

எதிரில் யாரும் இல்லை.

குறித்த நாள் கடந்தது. சோழன் காத்திருந்தான். ஒரு வாரம், இரண்டு வாரம் போயின. முழுதாக ஒரு மாதம் காத்திருந்தான் என்கிறது கல்வெட்டு. ஓலை எழுதியவன் வரவே இல்லை.

காத்துக் காத்து ஆத்திரம் ஏறிய வீரராஜேந்திரன் சாளுக்கிய நாட்டில் தீ வைத்தான். துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டான். அதோடு மனம் ஆறவில்லை. ஆகவமல்லனைப் போல ஓர் உருவம் செய்து, அதன் கழுத்தில் அணியைக் கட்டி, அவன் எப்படியெல்லாம் தப்பி ஓடினான் என்று பலகையில் எழுதி மாட்டி அவமானப்படுத்தினான். இத்தனையும் செம்பரம்பாக்கத்துக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரை ஊரில், ஒரு கோயிலின் நிலக் கணக்குக்கு முன்னுரையாகக் கல்லில் ஏறியிருக்கிறது.

ஆகவமல்லன் ஏன் வரவில்லை? கோழை என்று மணிமங்கலத்துச் சுவர் தீர்ப்பு எழுதிவிட்டது. சாளுக்கிய அரசவைக் கவி பில்ஹணன் எழுதிய விக்கிரமாங்கதேவ சரிதம் வேறு செய்தி சொல்கிறது. அரசனைத் தீராத காய்ச்சல் பிடித்தது. மருந்து எதுவும் கேட்கவில்லை. துங்கபத்திரையில் இறங்கி, நீரிலேயே உயிரை விட்டான். 1068இல், குருவத்தியில்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கல்லில் உள்ள கேலி கசக்கிறது. ஓலை அனுப்பியவன் களத்துக்கு வர முடியாமல் படுக்கையில் கிடந்திருக்கலாம். வீரராஜேந்திரன் வெற்றித்தூண் நட்டது துங்கபத்திரைக் கரையில். சில மாதங்களில் ஆகவமல்லன் உயிரை விட்டதும் அதே ஆற்றில்.

*

சாளுக்கியன் மணிமங்கலத்துக்கு நேரில் வந்தான். அந்த வயலில் போரிட்டான், தோற்றான். ஊர் அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நானூறு ஆண்டு கழித்து இன்னொரு சாளுக்கியன் தொலைதூரத்தில் ஓர் ஆற்றங்கரைக்கு வரவே இல்லை. அவன் வராததை ஊர் வரிவரியாகச் சுவரில் வெட்டி வைத்தது.

ஊர் வரலாற்றை ஊரிலேயே தேடினால் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு மணிமங்கலம் கொஞ்சம் தொந்தரவான ஊர். அதன் மிகப் பெரிய நாளைப் பற்றிய குறிப்பு கூரத்தில் இருக்கிறது. அதன் சுவரில் இருப்பதோ அடுத்தவர் களங்கள். அதனால்தான் மெய்க்கீர்த்தியைத் தாண்டி, கல்வெட்டின் கடைசிப் பகுதியிலிருந்து படிக்கச் சொல்கிறேன். கொப்பமும் கூடலும் எந்த ஊரின் சோழக் கல்வெட்டிலும் கிடைக்கும். எந்த வயல், எது எல்லை, யாருக்கு எவ்வளவு என்பது மட்டும்தான் மணிமங்கலத்தின் சொந்தச் சரக்கு.

*

இப்போது, ஓரமாகக் குறித்து வைத்த பெயரை எடுங்கள்.

குப்ஜ விஷ்ணுவர்த்தனன், புலிகேசியின் தம்பி. வேங்கியில் அவன் தொடங்கிய கிளைதான் கீழைச் சாளுக்கியர். வாதாபி எரிந்தபோதும் அது அழியவில்லை. பின்னர் சோழர்கள் அந்தக் கிளைக்குப் பெண் கொடுத்தார்கள். ராஜராஜனின் மகள் குந்தவை வேங்கிக்கு மருமகளாகப் போனாள். ராஜேந்திரனின் மகள் அம்மங்கை அவளுக்கு மருமகளானாள். அம்மங்கையின் மகன் ஓர் இளவரசன். மணிமங்கலத்துச் சுவரின் இரண்டாவது மெய்க்கீர்த்திக்கு உரிய இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை அவன் மணந்தான்.

1070இல் வீரராஜேந்திரன் இறந்தான். மகன் அதிராஜேந்திரன் சில மாதங்களே ஆண்டு மறைந்தான். சோழ அரியணை காலியானது. அதே ஆண்டு அந்த வேங்கி இளவரசன் வந்து முடிசூடிக்கொண்டான். அவன்தான் முதலாம் குலோத்துங்கன்.

தாய் வழியில் சோழன். தந்தை வழியில் சாளுக்கியன், புலிகேசியின் தம்பி வழிவந்தவன். மூன்று சோழ அரசர்கள் சாளுக்கியரை விரட்டிய கதை மணிமங்கலத்துச் சுவரில் ஏறி முடிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது.

அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அடுத்த நிலப் பத்திரத்தை வெட்டும் நாள் வந்தபோது, மணிமங்கலத்துச் சபையார் புதிய அரசனை யாருடைய பிள்ளை என்று எழுதினார்கள்?

(தொடரும்)